பழைய பெயின்ட் உரிக்க: உலோகம், பிளாஸ்டிக், ரெசின் கலந்த பெட்டி. எதை எதில் ஊறப்போடுவது?

குள்ளப்படை (சென்னை):
செகண்ட் ஹேண்டில் மொத்தமாக ஒரு பெட்டி மினி (மேஜையில் வைத்து ஆடும் போர் விளையாட்டின் குட்டி உருவங்கள்) வாங்கினேன். உள்ளே கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனியின் பழைய சிட்டாடல் பிராண்டு உலோகக் குள்ளர்கள் (தடித்த, பளபளப்பான பெயின்ட்), ஒன்றின் மேல் ஒன்றாக நாலு கோட் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்பேஸ் மரைன்கள், ரெசின் என்று சந்தேகப்படும் ரெண்டு மூணு, வளைத்தால் வளைந்து பழைய நிலைக்கே திரும்பும் சில அரக்கர்கள். ஹார்டுவேர் கடைத் தின்னரில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடலாமா?

தூரிகை00 (கோவை):
தின்னர் பாட்டிலை முதலில் மூடி வைங்க ப்ரோ. கடையில் கிடைக்கும் என்சி தின்னரில் டொலுயீன், அசிட்டோன், எஸ்டர் வகையறா எல்லாம் கலந்திருக்கும். ஸ்பேஸ் மரைன் பாலிஸ்டைரீன். தின்னர் பட்டால் முதலில் போவது முகமும் ரிவெட்டும்தான், கொஞ்ச நேரத்தில் கவசமே கொழகொழத்துவிடும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் இதே ரகம். உலோகத்துக்கு மட்டும்தான் இவை ஒத்துவரும்.

ஊறப்போடும் முன் பெட்டியைப் பிரிங்க. பாதி வேலை அதுதான்.

உலோகம் கையில் எடுத்தாலே தெரியும். ஒரே சிற்பம் உலோகத்திலும் ரெசினிலும் வந்திருக்கலாம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2011-ல் ஃபைன்காஸ்ட் என்ற ரெசின் வரிசையைக் கொண்டுவந்தபோது பல பழைய உலோக மினிகளை ரெசினுக்கு மாற்றியது. அதனால் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எடையைப் பாருங்க.

பிளாஸ்டிக்கா ரெசினா என்று பார்க்க, பேஸுக்கு (மினி நிற்கும் தட்டு) அடியில் கத்தி நுனியால் லேசாகச் சீவுங்க. பாலிஸ்டைரீன் சுருளாக வரும், பாலியூரித்தேன் ரெசின் பொடியாக உதிரும். இன்னும் சந்தேகம் என்றால் பெயின்ட் இல்லாத ஒரு மூலையில் டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் (பிளாஸ்டிக் மாடல் ஒட்டும் பசை) ஒரு சொட்டு விடுங்க. பாலிஸ்டைரீன் இளகி, நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். ரெசினில் ஒன்றும் நடக்காது, காய்ந்து போய்விடும்.

வளைந்து திரும்புவது பிவிசி. ரீப்பர் போன்ஸ் இந்த வகை. பெயின்ட் அடித்தே விற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினிகளும் இந்த வகைதான். 3டி பிரிண்ட் என்றால் தோள்பட்டை, தொப்பி மாதிரி வளைவான இடங்களில் லேயர் கோடு மெலிதாகத் தெரியும். அவற்றைத் தனியாக வைங்க, அதற்கு விதி வேறு.

வேதிக்கூடம் (பெங்களூரு):
பொருளைப் பிரித்தாயிற்று, அடுத்து பெயின்ட் எது என்று பார்க்கணும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐபிஏவில் (ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99%) நனைத்து பேஸின் ஓரத்தில் ரெண்டு நிமிடம் வைத்துத் தேயுங்க. நிறம் பஞ்சில் ஏறினால் அக்ரிலிக். ஏறவே இல்லையென்றால் எனாமல், அல்லது மேலே பாலியூரித்தேன் வார்னிஷ். குள்ளர்களில் பளபளப்பு என்று சொன்னதால் அங்கே ஹம்ப்ரால் மாதிரி எனாமல் இருக்க நிறைய வாய்ப்பு. அவற்றை ஐபிஏவில் ஒரு வாரம் போட்டாலும் அப்படியே இருக்கும்.

அக்ரிலிக்குக்கு ஐபிஏதான் என் தேர்வு. செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும், சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட். போர்டு கழுவ அவர்கள் வாங்குவது இதையேதான்.

ஐபிஏ பெயின்டைச் சுத்தமாகக் கரைத்துவிடாது. அக்ரிலிக் படலத்துக்குள் ஊறி அதை உப்ப வைக்கும், பிடி தளரும், அவ்வளவுதான். பிடி விட்டதைக் கழற்ற பிரஷ்தான் வேண்டும். ஊறப்போட்டு மறுநாள் ஜாடியைத் திறந்து "ஒண்ணுமே போகலையே" என்று கேட்பவர்கள் தேய்த்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

செய்முறை:

1. அகல வாய்க் கண்ணாடி ஜாடி. 500 மில்லி ஜாடியில் 28 மிமீ மினி எட்டு, பத்து போதும். திணித்தால் வாளும் ஈட்டியும்தான் முதலில் உடையும்.
2. மினிகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கும்படி ஐபிஏ. மூடியை இறுக்கமாகப் போடுங்க, இல்லாவிட்டால் பாதி காற்றில் போய்விடும்.
3. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மினியை மட்டும் எடுத்துத் தேய்த்துப் பாருங்க. சுருங்கிக் கிளம்பினால் எல்லாவற்றையும் எடுக்கலாம். பிளாஸ்டிக்கை ஒரு ராத்திரி விட்டாலும் பொதுவாகத் தாங்கும்.
4. டூத் பிரஷ், ஹார்டு வகை. முடியைக் கத்தரித்துப் பாதி நீளமாக்கினால் இன்னும் விறைப்பாகி இடுக்கில் நன்றாக வேலை செய்யும். பிரஷை அடிக்கடி ஐபிஏவில் முக்குங்க. காய்ந்துபோனால் தளர்ந்த பெயின்ட் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.
5. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு அலசி, காயவிடுங்க.
6. மிச்சம் இருக்கும் இடத்துக்கு மட்டும் மறுபடி ஒரு மணி நேரம். ஒரேயடியாக மூன்று நாள் ஊறுவதைவிட இரண்டு மூன்று குறுகிய சுற்று மேல்.

வல்லேஹோவின் பாலியூரித்தேன் வகை ப்ரைமர் அடித்திருந்தால் அது கரையாமல், வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி தாள் தாளாக வரும். அப்படி வந்தால் டூத்பிக்கால் ஓரத்தைக் கிளப்பி இழுங்க, பிரஷைவிட வேகம்.

நெருப்பு பற்றி: ஐபிஏவின் ஃப்ளாஷ் பாயின்ட் சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதாவது நம் ஊரில் எந்த நாளிலும் அதன் ஆவி பற்றத் தயாராக இருக்கும். சமையலறை வேண்டாம். பக்கத்து அறையில் பூஜை விளக்கு எரிந்தாலும் வேண்டாம். ஜன்னல் திறந்த இடம், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. பிரஷ் முடி விடுபடும்போது தெறிப்பது நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

குள்ளப்படை:
வீட்டில் 70% சானிடைசர் நிறைய கிடக்கிறது. அது போதாதா?

வேதிக்கூடம்:
ஜெல் வகை வேண்டாம், கெட்டியாக்கும் பொருள் இடுக்கில் படிந்து அதைக் கழுவுவது தனி வேலை. தண்ணியாக இருக்கும் 70% ஐபிஏ வேலை செய்யும், ஆனால் மெதுவாக. மெல்லிய கோட்டுக்குப் போதும், உங்கள் நாலு கோட் மரைனுக்கு 99% வாங்கிவிடுங்க.

ஈயவீரன் (ஹாரோ):
உந்தக் குள்ளர்களை முதல்ல கவனியுங்கோ. கேம்ஸ் வொர்க்‌ஷாப் ஈயம் இல்லாத கலவைக்கு மாறினது 1997-ல. அதுக்கு முந்தி வார்த்ததெல்லாம் ஈயம் கலந்ததுதான். அமெரிக்காவில ‘ரால் பார்த்தா’ (Ral Partha) எண்ட மினி கொம்பனி 90-களின்ர தொடக்கத்திலேயே ராலிடியம் எண்டு ஈயமில்லாத கலவையைக் கொண்டுவந்திட்டுது. பேஸுக்குள்ள செருகிற தகட்டில ஆண்டு பொறிச்சிருந்தாலும் அது சிற்பம் செய்த ஆண்டுதான், வார்த்த ஆண்டு இல்லை. பெயின்ட் இல்லாத அடிப்பகுதியை வெள்ளைத்தாளில இழுத்துப் பாருங்கோ. பென்சில் கோடு போல சாம்பல் கோடு விழுந்தா ஈயம் நிறைய இருக்கு. வெள்ளீயம் கூடின கலவை அப்பிடிக் கோடு போடாது, மெல்லிய தகட்டை வளைச்சா நொறுநொறு எண்டு சின்னச் சத்தம் வரும்.

ஈயம் எண்டா பயந்து எறியத் தேவையில்லை. கையுறை போடுங்கோ, உலர்வா அரம் போடாதேங்கோ, சாப்பாட்டுப் பாத்திரம் பாவிக்காதேங்கோ, முடிய சோப் போட்டுக் கை கழுவுங்கோ. அந்த டூத் பிரஷில பெரிசா குறிபோட்டு வையுங்கோ.

முக்கியமா வினிகரைத் தொடவேண்டாம். யூடியூபில ஆரும் சொன்னாலும் வேண்டாம். அசிட்டிக் அமிலம் ஈயத்தைத் தின்னும். ஓக் அலுமாரிக்குள்ள வைச்ச பழைய மினியளில வெள்ளைப் பொடி பூக்கிறதும் மரத்தில இருந்து வாற அதே அமில ஆவியாலதான், அந்தப் பொடி ஈயக் கார்பனேட். பெயின்டுக்குக் கீழ அப்பிடிப் பூத்திருந்தா தண்ணிக்குள்ள வைச்சு பிரஷால எடுத்து, நல்லாக் காயவிட்டு, உடனே ப்ரைமர் அடிச்சு மூடுங்கோ. தூசியா ஊதிவிடக் கூடாது.

எனாமலுக்கு, உலோகம் எண்டதால அசிட்டோன் வடிவா வேலை செய்யும். மூடின கண்ணாடிப் போத்தில், ஒரு ராத்திரி. சூப்பர் க்ளூவும் சேர்ந்து கழரும், அதால கை, கேடயம் எல்லாம் தனித்தனியா வரும். ஆற்ற கை எது எண்டு குழம்பாமல் இருக்க முதலே ஒரு படம் எடுத்து வையுங்கோ. கிரீன் ஸ்டஃபால (சிற்பம் செய்யிற எபொக்சி மாவு) ஆரும் தாடி நீட்டியிருந்தா அது அசிட்டோனில உப்பி இளகும். அப்பிடியான உருவத்துக்கு வேற வழிதான்.

இங்கிலாந்தில நாங்கள் பாவிக்கிறது பயோஸ்ட்ரிப் 20. கெட்டியான ஜெல், தண்ணியில கழுவலாம், மணம் குறைவு. தடிப்பாப் பூசி, கிளிங் ஃபிலிமால சுத்தி, இருவது நிமிசத்தில பாருங்கோ. தடிச்ச கோட் எண்டா கூடநேரம். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் அக்ரிலிக்குக்குச் சரிவரும், ஐபிஏயை விட மெதுவு. சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினா இங்கத்தையதில ஆமணக்கெண்ணெய் இருக்கும். எண்ணெய்ப் படலம் நிண்டா ப்ரைமர் ஒட்டாது.

பகடை20 (திருச்சி):
எல்லாரும் டெட்டாலை மறந்துட்டீங்க. மெடிக்கல் ஷாப்பில் போய் வாங்கலாம், பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் ஒன்றும் ஆகாது.

வேதிக்கூடம்:
மறக்கவில்லை, பயமாக இருக்கிறது. டெட்டால் நன்றாகவே வேலை செய்யும், அக்ரிலிக்கில் ஐபிஏ தொடாததைக்கூடச் சில சமயம் தொடும். சிக்கல் தண்ணீரில். டெட்டாலில் தண்ணீர் விட்டால் பால் மாதிரி ஆகிறதே, அது எண்ணெய்ச் சத்து கரையாமல் பிரிவதால். ஊறிய மினியை நேராகக் குழாயடியில் காட்டினால் இளகிய பெயின்டும் அதோடு சேர்ந்து பிரிந்து, கருப்புப் பிசினாக மினி, பிரஷ், சிங்க் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். அப்புறம் அதை எடுக்க மறுபடி டெட்டால்தான்.

அதனால் வரிசை இது: கலக்காத டெட்டாலில் 12 முதல் 24 மணி நேரம். எடுத்ததும் வேறொரு கிண்ணத்தில் புது டெட்டால் கொஞ்சம் விட்டு, அதிலேயே முக்கி முக்கித் தேய்க்கணும். டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, தண்ணீர் சேர்க்காத டிஷ்வாஷ் லிக்விடைப் பூசித் தேய்க்கணும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். இந்தப் பொறுமை இருந்தால் டெட்டால் போடுங்க.

வீட்டில் பூனை இருந்தால் கட்டாயம் வேண்டாம். டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினால் என்ற மருந்து பூனைக்கு விஷம், காலில் பட்டதை நக்கினாலே போதும்.

பகடை20:
சரி, வரிசை தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில்? எங்க ஊர் மாடலிங் குரூப்பில் டாட் 3-ல் போட்டு எடுத்த படமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

தூரிகை00:
பளிச்சென்று வரும், மறுக்கவில்லை. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் ஈதர் வகை, எனாமலையே கிளப்பும். (டாட் 5 சிலிக்கான், அது பெயின்டை ஒன்றும் செய்யாது. டப்பாவைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.) ஆனால் அது தோல் வழியாக உள்ளே போகும், மெல்லிய கையுறையை நம்ப முடியாது, தரையில் சிந்தினால் டைலைத் தவிர எல்லாப் பூச்சும் போய்விடும். பாலிஸ்டைரீன் ரொம்ப நாள் கிடந்தால் மொறுமொறுவென்று ஆகும் என்பதும் பலர் பார்த்தது. மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்பவர் என்றால் உங்கள் இஷ்டம். வீட்டு பால்கனிக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஈயவீரன்:
நானும் அதே கட்சி. பிளாஸ்டிக்கில எனாமல் இருந்தா காஸ்டிக் சோடா சேர்ந்த ஓவன் (oven) கிளீனர் இருக்கு. எனாமல் எண்ணெய்ப் பிசின்ல செய்யிறது. காரம் அதை சோப்பாக்கிக் கழட்டும். பாலிஸ்டைரீனுக்குக் காரத்தால கேடில்லை. பிளாஸ்டிக் பைக்குள்ள மினியைப் போட்டு, ஸ்பிரே அடிச்சு, கட்டி, ஒரு ராத்திரி விடுங்கோ. வெறும் கையால தொட்டா தோல் வழுவழுப்பாகும், அது உங்கட தோல் சோப்பாகிறதுதான். கண்ணாடி கட்டாயம். ஈய, வெள்ளீய மினியளில நெடுக விடாதேங்கோ, காரமும் அவையை மெல்ல மெல்ல அரிக்கும்.

குள்ளப்படை:
பிளாஸ்டிக்கும் குள்ளர்களும் தெளிவு. அந்த ரெசின், பிவிசி?

தூரிகை00:
பாலியூரித்தேன் ரெசின் ஐபிஏவில் அரை மணி நேரம், எடு, தேய், காயவிடு. ராத்திரி முழுக்க ஊறினால் மெல்லிய பாகம் இளகிப்போகும். இளகிவிட்டால் பதறித் தேய்க்காதீங்க, விவரம் எல்லாம் பிரஷோடு போய்விடும். இரண்டு நாள் காயவிட்டால் பெரும்பாலும் பழையபடி இறுகும். அசிட்டோன் கூடவே கூடாது.

3டி பிரிண்ட் இன்னும் மோசம். ஐந்து, பத்து நிமிடச் சுற்றாக மட்டும் செய்யுங்க. உள்ளே குடைந்து அச்சிட்டதாக இருந்தால் ஓட்டை வழியாக ஐபிஏ உள்ளே போய் நின்று, சுவரை உப்ப வைத்துப் பிளக்கும். வாட்டர் வாஷபிள் ரெசின் என்றால் தண்ணீரிலும் ஊற விடாதீங்க, அதுவும் உறிஞ்சும்.

பிவிசி ஐபிஏவைத் தாங்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நேரம் கிடந்தால் உள்ளே இருந்து அதை வளையவைக்கும் பிளாஸ்டிசைசர் வெளியே வந்து மினி விறைத்துவிடும். ஈட்டி கோணலாக இருந்தால் கழுவும் சாக்கில் வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்க, அப்படியே நிற்கும். ஃபேக்டரியிலேயே பெயின்ட் அடித்து வந்த பிவிசியாக இருந்தால் உரிக்கவே வேண்டாம். அந்தப் பெயின்ட் பிளாஸ்டிக்கையே கவ்வியிருக்கும், கோட்டும் மெல்லிசு. சோப்பில் கழுவி மேலேயே பிரஷால் ப்ரைமர் அடிங்க. ஸ்ப்ரே ப்ரைமர் சில போன்ஸ் மினியில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பகடை20:
அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கினால் பிரஷ் வேலை மிச்சமா?

வேதிக்கூடம்:
பாதி மிச்சம். மூக்குக்கண்ணாடி கழுவ விற்கும் சின்ன மிஷினில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், 40 கிலோஹெர்ட்ஸ், சூடாக்கும் வசதி உள்ளது என்றால் பரவாயில்லை. தொட்டியில் நேரடியாக ஐபிஏ ஊற்றவே கூடாது. திறந்த தொட்டி, சூடு, மின்சாரம், ஆல்கஹால் ஆவி, நான்கும் ஒரே இடத்தில். தொட்டியில் தண்ணீர் விட்டு, ஐபிஏவும் மினியும் உள்ள ஜாடியை மூடி அதற்குள் நிறுத்துங்க. ஹீட்டரை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டி, தேய்த்து, மறுபடி ஐந்து நிமிடம். ஏற்கெனவே ஊறித் தளர்ந்த பெயின்டுக்குத்தான் அது பலன் தரும். பழைய சூப்பர் க்ளூ ஒட்டு எல்லாம் கழன்றுவிடும், பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டு மட்டும் நிற்கும், ஏனென்றால் அங்கே இரண்டு துண்டும் உருகி ஒன்றாகிவிட்டது.

இன்னொன்று. இழுத்துப் பிடித்து ஒட்டிய பிளாஸ்டிக் பாகங்கள், உதாரணமாக வளைத்துப் பொருத்திய கொடிக்கம்பம், ஐபிஏவில் ஊறும்போது மெல்லிய விரிசல் விடலாம். இறுக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனுக்கும் ஆல்கஹாலுக்கும் ஒத்துவராது. அதையெல்லாம் ஊறப்போடாமல் பஞ்சுக் குச்சியால் செய்யுங்க.

குள்ளப்படை:
இரண்டு மரைனைச் செய்து பார்த்தேன். மேல்பரப்பு சுத்தம், ஆனால் பிளாஸ்டிக்கே இளஞ்சிவப்பாக இருக்கிறது, முழங்கால் இடுக்கில் கருப்பு ப்ரைமர் நிற்கிறது. உலோகத்தில் ஒரு குள்ளனின் பெயின்ட் அசிட்டோனுக்கே அசையவில்லை.

தூரிகை00:
இளஞ்சிவப்பு வெறும் சாயம், தடிமன் இல்லாதது. நகத்தால் தடவிப் பாருங்க, மேடு தட்டவில்லை என்றால் விட்டுவிடுங்க, ப்ரைமருக்குக் கீழே மறைந்துவிடும். இடுக்கில் நிற்கும் கருப்புக்கு டூத்பிக்கை ஐபிஏவில் நனைத்துச் சுழற்றுங்க. ஊசியும் பல் டாக்டர் கொக்கியும் உலோக மினிக்கு மட்டும், அதுவும் அழுத்தாமல். பித்தளை பிரஷ் ஈயத்தில் கீறல் போடும். விவரம் மூடவில்லை என்றால் அந்தக் கருப்பு இருந்தால்தான் என்ன? பளபளக்கும் வரை தேய்க்கிறேன் என்று செயின்மெயிலை மழுங்கடிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஈயவீரன்:
அசையாத குள்ளனுக்கு மேல கார் லேக்கரோ, ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற வார்னிஷோ இருக்கும். ஆர்மி பெயின்டர் கொம்பனி தகர டப்பாவில விக்கிற நிற வார்னிஷான குயிக்‌ஷேடில முக்கினதெண்டாலும் பாலியூரித்தேன் எண்டதால முரண்டு பிடிக்கும், ஆனா அது அசிட்டோனில கடைசியில இளகும். படலத்தில கத்தியால நாலு இடம் லேசாக் கீறிவிட்டு, புது அசிட்டோனில திரும்பப் போடுங்கோ. உள்ள போக வழி கிடைச்சா கீழ இருந்து தூக்கும். ரெண்டு நாள் பொறுங்கோ.

குள்ளப்படை:
கடைசியாக, கருத்துப்போன ஐபிஏவை என்ன செய்வது? சிங்க்கில் ஊற்றலாமா?

வேதிக்கூடம்:
ஊற்றாதீங்க. ஜாடியை இரண்டு நாள் ஆடாமல் வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை காபி ஃபில்டர் தாளில் வடித்து வேறு பாட்டிலில் எடுங்க, பெயர் எழுதி ஒட்டுங்க, முதல் ஊறலுக்கு இதையும் கடைசி அலசலுக்குப் புதியதையும் வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் ரொம்ப நாள் வரும். மிஞ்சிய வண்டலை வெளியில், நெருப்பில்லாத இடத்தில், பழைய தகர டப்பாவில் காயவைத்து, கட்டியானதும் மற்ற பெயின்ட் டப்பாக்களோடு அபாயக் கழிவாகக் கொடுங்க. குள்ளர்கள் ஊறிய அசிட்டோனை இதோடு கலக்காதீங்க, அதன் வண்டலில் ஈயம் இருக்கும். அதற்குத் தனி டப்பா.